வெள்ளிக் கரண்டியும் பழமொழிகளின் பிறப்புச் சான்றும்



ஐந்தாம் ஆண்டுப் பெற்றோரின் புலனக் குழுவில் அண்மையில் ஒரு நீண்ட செய்தி வந்தது. "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர்" என்று தொடங்கும் செய்திகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். இதுவும் அவ்வரிசையைச் சேர்ந்ததே. குழந்தையின் இடுப்பில் வெள்ளி அரைஞாண் கட்டினால் நோய் அணுகாது. வெள்ளிக் கொலுசு எலும்பை வலுவாக்கும். மெட்டி கருப்பை நரம்பைத் தூண்டும். வெள்ளிக் குவளையில் ஊற்றிவைத்த நீர் சளியைப் போக்கும். இப்படி அடுக்கிக்கொண்டே போய், ஆங்கிலேயரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர் என்று முடிகிறது. வெள்ளிக் கரண்டியைச் சுவைத்து வளர்ந்த பிள்ளைகளைக் கொள்ளைநோய் தீண்டவில்லையாம். அதனால்தான் "வாயில் வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவன்" என்ற வழக்கு தோன்றியதாம். அரச குடும்பத்தார் வெள்ளித் தட்டிலேயே உண்டதால் அவர்களுடைய மேனி நீலம் பூத்ததாம். "நீலக் குருதி" என்ற சொல் அப்படித்தான் பிறந்ததாம்.

செய்தி இத்துடன் நின்றிருந்தால் நானும் கடந்து போயிருப்பேன். அதன் அடியில் ஒரு விற்பனையாளரின் தொலைபேசி எண் இருந்தது. "வெள்ளி நீர்" சிறிய புட்டி ஒன்று எண்பது ரிங்கிட். அன்றிரவே ஒரு தாயார் எனக்குத் தனியே எழுதினார்: "டீச்சர், என் மகனுக்கு இளைப்பு இருக்கிறது அல்லவா, இதை வாங்கிக் கொடுக்கலாமா? பழமொழியே இருக்கிறது என்கிறார்களே."

மருத்துவர் தந்த மருந்தை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டா, இந்தப் புட்டியை வாங்கவும் வேண்டா என்று உடனே மறுமொழி அனுப்பினேன். ஆயினும் "பழமொழியே இருக்கிறது" என்ற அந்தச் சொற்கள் என்னை விடவில்லை. தமிழாசிரியைக்கு வெள்ளி மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் அச்செய்தியை இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். புட்டியை விற்பதற்கு அது மருத்துவச் சான்று எதையும் முன்வைக்கவில்லை. சொல்லையும் சொல்லின் பிறப்பையும் சான்றாக முன்வைக்கிறது. சொல்லும் பழமொழியும் நம் வகுப்பறைப் பொருள்கள். அவற்றைக் கொண்டு ஒருவர் நோயாளிக் குழந்தையின் வீட்டில் வணிகம் செய்யும்போது நாம் வாய்மூடி இருத்தல் முறையாகாது.

முதலில் அந்தக் கரண்டியைப் பார்ப்போம். இங்கிலாந்தில் குழந்தைக்குத் திருமுழுக்கு நடக்கும்போது ஞானப் பெற்றோர் கரண்டி பரிசளிக்கும் வழக்கம் இருந்தது. வசதியுடையோர் வெள்ளிக் கரண்டி தந்தனர். ஏசுநாதரின் சீடர்களுடைய உருவத்தைக் காம்பின் நுனியில் பதித்த கரண்டிகளும் உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு அப்பரிசு பின்னர் வரும். செல்வர் வீட்டுப் பிள்ளையோ கருவிலிருந்தே அதைக் கௌவிக்கொண்டு வந்துவிட்டது என்பதே அவ்வழக்கின் நகைச்சுவை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "டான் குயிக்சாட்டு" நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இத்தொடர் வருகிறது. அங்கும் பிறவிச் செல்வம் என்ற பொருளே. உடல்நலத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

நீலக் குருதியின் கதை வேறு. அது எசுப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த தொடர். காசுட்டீல் நாட்டு உயர்குடியினர், தங்கள் குலத்தில் மூர் இனத்தவரின் கலப்போ யூதர் கலப்போ இல்லை என்று பெருமை பேசினர். வெயிலில் உழைக்காத வெளுத்த கையில் நரம்பு நீலமாகத் தெரியும். கறுத்த தோலில் அவ்வாறு தெரியாது. அதையே குலத்தூய்மைக்கு அடையாளமாகக் காட்டினர். ஆக, இச்சொல்லில் வெள்ளித் தட்டுக்கு இடமே இல்லை, இருப்பது நிறச்செருக்கு. இத்தொடரைப் பெருமையோடு பகிர்ந்துகொள்ளும் நம்மவர்கள், அது யாரை இழிவுபடுத்தப் பிறந்தது என்று எண்ணிப் பார்த்தால் நல்லது.

வெள்ளி உண்டால் தோல் நீலமாகும் என்ற பகுதி மட்டும் மெய். அதற்கு ஆர்ஜிரியா என்று பெயர். தட்டிலும் கரண்டியிலும் உண்பதால் அது வருவதில்லை; இப்போது விற்கப்படும் "வெள்ளி நீர்" போன்றவற்றை நீண்ட காலம் குடிப்பவர்களுக்கு வருகிறது. உடலில் சேரும் வெள்ளி தோலில் படிந்து, வெளிச்சம் பட்டுக் கருமை கொள்கிறது. பழைய புகைப்படச் சுருள் கறுத்ததும் ஏறத்தாழ இதே முறையில்தான். அந்தச் சாம்பல் நீலம் வாழ்நாள் முழுவதும் மாறாது. செய்தியை எழுதியவர் தம் சரக்கின் பக்கவிளைவையே அரச மரியாதை ஆக்கிவிட்டார்!

வெள்ளியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெள்ளியிலிருந்து மிகச் சிறிய அளவில் ஈரத்தில் கரையும் அயனிகள் நுண்ணுயிர்களைக் கொல்லும். இத்தகைய ஆற்றலைப் பற்றி நேகெலி என்ற சுவிட்சர்லாந்துத் தாவரவியல் அறிஞர் செய்த ஆய்வு 1893இல் வெளிவந்தது. அதற்கும் முன்பே, 1880இல், செருமனியின் லைப்சிக் நகரில் மகப்பேற்று மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் சில்வர் நைட்ரேட்டுத் துளி இடத் தொடங்கினார். பிறப்பின்போது தொற்றும் கண்ணோயால் குழந்தைகள் பார்வையிழந்த காலம் அது. அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்து என்றிருந்த அந்நோய் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1960களின் இறுதியில் தீக்காயத்திற்கென உருவாக்கப்பட்ட சில்வர் சல்ஃபாடயசின் களிம்பை இன்றும் மருத்துவமனைகளில் காணலாம்.

இவை யாவும் வெளியே இடுபவை: கண்ணில் ஒரு துளி, புண்ணின் மேல் ஒரு பூச்சு. அளவும் இடமும் வரையறுக்கப்பட்டவை. இரும்பும் சுண்ணமும் உடலுக்கு வேண்டும். வெள்ளியால் உடலுக்கு ஆகவேண்டிய பணி எதுவும் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1999இலேயே, வெள்ளி கலந்த இத்தகைய கடைச்சரக்கு மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்கத்தக்கவை அல்ல என்று விதி வகுத்துவிட்டது. 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றுக்கு இதையே மருந்தென்று விற்றவர்களுக்கு அதே நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இடுப்பிலும் காலிலும் கிடக்கும் நகையோ, தோலைத் தாண்டி உள்ளே சென்று எலும்பையோ நுரையீரலையோ தொடப்போவதில்லை. மெட்டி அணியும் விரலிலிருந்து கருப்பைக்கு நேரே ஓடும் நரம்பு என்று ஒன்று மனித உடலில் கிடையாது.

நம் நாட்டில் வெள்ளியைக் கொண்டு நோய் பார்க்கும் வழக்கம் சீனர் வீடுகளிலும் உண்டு. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு, வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவுக்குள் வெள்ளி நாணயத்தையோ மோதிரத்தையோ வைத்து, துணியில் சுற்றிச் சூட்டோடு உடம்பில் உருட்டுவார்கள். பிரித்துப் பார்த்தால் வெள்ளி கறுத்தோ நீலம் பூத்தோ இருக்கும். உடலிலிருந்த சூடும் காற்றும் வெளியேறிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து இதை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்து காட்டினோம். முட்டைப் பொட்டலத்தை எவர் உடம்பிலும் உருட்டவில்லை. வகுப்பு மேசையின் மேல் உருட்டினோம். பிரித்தபோது மோதிரம் நன்றாகக் கறுத்திருந்தது. "டீச்சர், மேசைக்குக் காய்ச்சல்!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அதற்குப் பிறகு, முட்டையிலுள்ள கந்தகம் வெள்ளியோடு கூடிக் கறுக்கிறது என்று விளக்க எங்களுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. குழந்தையின் அரைஞாண் கறுத்தால் கண்ணேறு பட்டுவிட்டது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கும் இதே வேதியியல்தான். வியர்வையிலும் காற்றிலும் உள்ள கந்தகம் போதும். திருநீற்றைத் தொட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

பாட்டி போட்ட அரைஞாணைக் கழற்றி எறியுங்கள் என்று நான் எழுதுவதாக எவரும் கொள்ள வேண்டா. என் பிள்ளைகளுக்கும் கட்டினோம். கோவணம் கட்டிய காலத்தில் அரைஞாணுக்கு ஒரு நேரடிப் பயன் இருந்தது. தவழும் குழந்தை எந்தப் பக்கம் போகிறது என்று அடுக்களையில் இருக்கும் தாய்க்குக் கொலுசு சொல்லும். இவற்றுக்கு மேல் அன்பும் அழகும் உறவினர் முறையும் இருக்கின்றன. இவ்வளவு இருக்கும்போது, அறிவியல் என்ற பெயரில் ஒரு பொய்க்காரணத்தை எதற்காக முட்டுக்கொடுக்க வேண்டும்?

இப்போது நம் வகுப்பறைக்கு வருகிறேன். வெள்ளிக் கரண்டிக்குக் கட்டப்பட்ட கதைக்கும், அண்மைக்காலத்தில் நம் பழமொழிகளுக்குக் கட்டப்படும் "உண்மையான பொருள்" கதைகளுக்கும் என்ன வேறுபாடு? மேடைப் பேச்சாளர்களும் புலனச் செய்திகளும் பழமொழிகளைத் திருத்தித் தருகிறார்கள். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" தவறாம். கழு என்னும் கோரையில் தைத்த பாயில் படுத்தால் கற்பூர மணம் வருமாம், ஆகவே "கழு தைக்கத் தெரியுமாம்" என்பதே சரியாம். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது சஷ்டி விரதத்தையும் கருப்பையையும் குறிக்குமாம். இதைச் சபையில் கைதட்டலுக்காகச் சொல்பவர், எதிரே பிள்ளைப்பேற்றுக்காகப் பல்லாண்டாக மருத்துவமனைக்கு நடக்கும் பெண் ஒருத்தி அமர்ந்திருக்கக்கூடும் என்று ஒரு கணமும் நினைப்பதில்லை.

பழமொழி என்பது ஒருவர் இன்னொருவரிடம் ஒரு நேரத்தில் சொல்வது. எனவே ஒரு விளக்கம் வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதை யார், எப்போது, எதற்காகச் சொல்லியிருப்பார்? கோரைப்பாயில் கற்பூரம் மணக்கும் என்ற செய்தியைப் பழமொழியாக்கி, ஒருவர் எந்தச் சண்டையில், எந்தத் திண்ணையில் பயன்படுத்துவார்? கழுதையை வைத்துச் சொல்வதற்கோ நாள்தோறும் வாய்ப்புண்டு. மேலும் இத்தகைய பேச்சு தமிழருக்கு மட்டும் உரியதன்று. குரங்குக்குப் பூக் கிடைத்தாற்போல என்கிறது மலாய்ப் பழமொழி. மாட்டுக்கு முன் யாழ் மீட்டினாற்போல என்பர் சீனர். குரங்குக்கு இஞ்சியின் சுவை என்ன தெரியும் என்று இந்தியில் கேட்பர். அருமை தெரியாதவனை விலங்காக்கிச் சிரிப்பது மனித இயல்பு. மூன்று இனத்தாரும் அடுத்தடுத்து வாழும் நாட்டில் இந்த ஒப்புமையைக் காட்டாமல், கோரைப்பாயை விரித்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய பதிவுகளைத் தேடுவதும் இன்று கடினமன்று. பீட்டர் பெர்சிவல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பதிப்பு 1874இல் வந்தது. ஜான் லாசரசின் பழமொழி அகராதி 1894இல், ஹெர்மன் ஜென்சனின் தொகுப்பு 1897இல். இவை இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. புதிய விளக்கம் ஒன்று கையில் வந்ததும், ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதுமுன் இந்நூல்களைப் பத்து நிமிடம் புரட்டிப் பார்க்கலாமே.

எல்லாவற்றிலும் என்னை மிக வருத்துவது "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பதற்கு வந்த திருத்தம். "ஆயிரம் வேரைக் கண்டவன்" என்று மாற்றி, முன்னோரின் மூலிகை அறிவைப் பாருங்கள் என்கிறார்கள். பாடப் பயிற்சி நூல்களிலும் இது நுழைந்துவிட்டது. திருத்தப்பட்ட வடிவம் மரியாதையானது, சந்தேகமில்லை. ஆனால் அதில் சிரிப்பு போய்விட்டது. தன்னிடம் வருகிற வைத்தியனை ஐயத்தோடு பார்த்து, அவன் முதுகுக்குப் பின்னால் எள்ளி நகையாடிய ஒரு மக்கள் கூட்டம் அந்தப் பழமொழியில் இருந்தது. முன்னோர் முட்டாள்கள் அல்லர் என்பதற்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்? அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணி அவர்களுடைய ஐயத்தை அழித்துவிட்டோம். அழித்த இடத்தில் எண்பது ரிங்கிட் புட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது.

புறநானூற்றிலும் இந்தத் தெளிவைக் காணலாம். வெள்ளிக்கோள் தென்திசைப் போனால் மழை பொய்க்கும் என்பது அக்கால நம்பிக்கை. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர் அந்நம்பிக்கையைச் சொல்லிவிட்டு, அப்படியே வெள்ளி தெற்கே ஓடினாலும் செங்கோன்மையால் மழை பிழைக்காத நாடாக இருந்தது அது என்கிறார். நம்பிக்கை அவருக்குத் தெரியும். அதற்குக் கட்டுப்பட்டுக் கிடக்கவில்லை.

சொற்பிறப்பைச் சொல்லிக்கொடுக்க நம்மிடம் மெய்யான கதை இல்லையா என்றால், அதே வெள்ளியே இருக்கிறது. "அம்மா, ரெண்டு வெள்ளி குடுங்க" என்று சிற்றுண்டிச்சாலைக்கு ஓடும் பிள்ளை, பணத்தை ஏன் வெள்ளி என்கிறோம் என்று அறியாது. வெண்மையைக் குறிக்கும் வெள் என்ற அடியிலிருந்து வந்தது அச்சொல். உலோகமும் வெண்மை, விடியலில் ஒளிரும் கோளும் வெண்மை, அக்கோளின் பெயரால் கிழமை. மலாயாத் துறைமுகங்களில் நெடுங்காலம் எசுப்பானிய, மெக்சிகோ வெள்ளி நாணயங்களே புழங்கின. நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனி வெள்ளி டாலர் 1903இல் அச்சிடப்பட்டது. நம் பாட்டன்மார் கூலியாக எண்ணி வாங்கியது மெய்யான வெள்ளியை. நாணயத்திலிருந்து உலோகம் போய்விட்டது, தாள் வந்தது, 1975இல் ரிங்கிட் என்பது அதிகாரப்பூர்வப் பெயராயிற்று. நம் வாயில் வெள்ளி நிலைத்துவிட்டது. சிங்கப்பூரில் இன்றும் செய்தி வாசிப்பில்கூட வெள்ளிதான். ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லும் அந்த எசுப்பானிய நாணயத்தின் விளிம்பிலிருந்த பல் வரிசையைக் குறித்ததே. நாணயம் இருந்தது, காலம் தெரிகிறது, சொன்னவர்கள் யாரென்றும் தெரிகிறது. பேரா மாநிலப் பெயருக்கு மட்டும் இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன: ஈயத்தின் வெண்ணிறம் என்பர் சிலர், ஆற்றுமீனின் மினுமினுப்பு என்பர் வேறு சிலர். இரண்டையும் சொல்லி, எதற்கு என்ன சான்று வேண்டியிருக்கும் என்று மாணவரிடமே கேட்கலாம்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகு, ஒரு பழமொழிக்கு ஒரு பாடவேளை முழுவதையும் செலவிட முடிகிறது. "செய்யுளும் மொழியணியும்" பாடத்தில் இப்போதெல்லாம் பொருளை நான் எழுதிப்போடுவதில்லை. வீட்டுப் பெரியவரிடம் போய், "இதற்கு என்ன பொருள்" என்று கேளாமல், "இதை நீங்கள் யாரைப் பார்த்துச் சொன்னீர்கள்" என்று கேட்டு வரச் சொல்கிறேன். பெற்றோர்கள் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். கைப்பேசியில் தேடி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

சென்ற முறை வைத்தியர் பழமொழியைக் கொடுத்தனுப்பியிருந்தேன். ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்திருந்தாள். பாட்டி இளமையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து மருத்துவமனையில் டிரெசர் ஒருவர் இருந்தாராம். வீட்டிலிருந்தே புட்டி எடுத்துப் போக வேண்டுமாம். காய்ச்சலென்றாலும் வயிற்றுவலியென்றாலும் ஒரே சிவப்புத் தண்ணீரைத்தான் ஊற்றிக் கொடுப்பாராம். வரிசையில் நிற்கும் பெண்கள் அவர் காதில் விழாதவாறு, "இன்னும் அரை வைத்தியனாகவில்லை, எண்ணிக்கை குறைகிறது" என்று சொல்லிச் சிரிப்பார்களாம்.